முப்பத்தாறு பேரின் வேரியன்ஸ்

பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று. அதற்குப் பின்னாலும் தசமங்கள் வரிசையாக நிற்கின்றன, நான் இரண்டோடு வெட்டி வைத்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் இந்த எண்ணைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது, ஆனாலும் வந்தது வந்ததுதான், ஏனென்றால் அது வாதாடி வாங்கிய எண். எங்கள் லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஹெல்த் சென்டர்காரர்கள் வந்து விரலில் குத்தி ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த எண்களுக்குச் சராசரியும், சராசரியிலிருந்து ஒவ்வொருத்தரும் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று காட்டுகிற வேரியன்ஸும் போட்டுத் தரச்சொல்லிப் புள்ளியியல் துறைக்கு அனுப்பியிருந்தார்கள். துறை என்றால் வில்வநாதன் சார், வில்வநாதன் சார் என்றால் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, அதாவது நான். சார் எனக்கு முன்பே ஷீட்டைத் திறந்து வார் டாட் பி என்று ஃபார்முலா போட்டு வைத்திருந்தார். பி என்றால் மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்த்தாயிற்று என்று அர்த்தம், கூட்டி வந்ததை எண்ணிக்கையால் வகுக்கும். எஸ் என்றால் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கும், அதனால் விடை கொஞ்சம் பெரிதாக வரும், பார்க்காமல் விட்ட மிச்சத்துக்குக் கொடுக்கிற மரியாதை அது. "ஹாஸ்டல் பிள்ளைங்களத்தானம்மா பாத்தோம், அதான் நம்ம பாப்புலேஷன், பி போதும்" என்றார் சார். "ஹாஸ்டல்ல இருநூறு பேருக்கு மேல இருக்கோம் சார், விரல நீட்டுனது நாப்பத்தொரு பேரு, மத்தவங்க ஊசின்னதும் ஊருக்குப் பஸ் ஏறிட்டாங்க" என்றேன். "எல்லாம் ஒரே மெஸ்ல சாப்பிடுற பிள்ளைங்கதான, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்." இங்கேதான் எனக்கு ஏறியது. ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டால் ஒரே மாதிரி இருக்குமென்றால் வேரியன்ஸ் எதற்கு, ஒருத்தியின் விரலைக் குத்திப் பார்த்து இருநூறு பேருக்கும் அதையே எழுதிவிட வேண்டியதுதானே, அப்படி ஒருத்தியை மட்டும் வைத்து எஸ் போட்டுப் பாருங்கள், ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று மெஷினே கத்தும் என்று நான் பேசிக்கொண்டே போக, சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "ஆவுடை, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். பையன் வாதாடினால் கெட்டிக்காரன், பெண் வாதாடினால் வக்கீல், அதையும் ஒருநாள் அவரிடம் கேட்க வேண்டும். கடைசியில், "சரி, எஸ்ஸே போட்டுக்க, என்ன மாறிடப் போவுது" என்று எழுந்துவிட்டார். மாறியது. புள்ளி ஏழு ஒன்பது, புள்ளி எட்டு ஒன்று ஆனது. அவ்வளவுதான். அதற்காக நான் மெஸ்ஸில் இரண்டாவது தடவை ரசம் வாங்கிக் குடித்தேன்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் இந்த லேபுக்குள் வர வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம், அதனால் உள்ளங்கால் ஜில்லென்று தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ஜில்லிப்பு கணுக்கால் வரை ஏறியிருக்கிறது, இது டைல்ஸால் வந்ததா காலையில் துணி துவைக்கிற இடத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜெபராணி பக்கெட்டை வைத்துவிட்டு, "ஏட்டி, ஒன் சண்ட என்னாச்சு?" என்று கேட்டாள். என் அறைத் தோழி, பொருளாதாரம் படிக்கிறவள், நாசரேத் பக்கம். "ஜெயிச்சாச்சு, பூஜ்யம் புள்ளி எட்டு ஒண்ணு" என்றேன். "அப்படின்னா?" "அப்படின்னா எல்லாரும் சராசரிக்குப் பக்கத்துலயே நிக்கோம்னு அர்த்தம், ஒருத்தரும் ரொம்பத் தள்ளிப் போகல." அவள் சோப்பைத் துணியில் தேய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது, பல நாளாக நான் பார்க்காத தெளிச்சி. "அப்ப நானும் சரியாத்தான் இருக்கேன். அந்த டெஸ்ட் எடுக்க வந்த அக்கா சும்மா லோன்னு சிவப்புல எழுதி என்னப் பயங்காட்டிட்டு." லோவா, நம்பர் எழுதவில்லையா என்று கேட்டேன். "எங்கிட்ட குடுத்த சீட்டுல நம்பர், அவங்க தாள்ல லோ." அந்த இடத்தில்தான் எனக்கு ஜில்லென்றது, ஏன் என்று அப்போதே தெரிந்தது, தெரியவில்லை என்று பாவனை செய்துகொண்டேன். "என்ன நம்பருட்டி?" "எதுக்கு?" "கேக்கேன்லா, சொல்லு." "நீ கேட்டா எல்லாரும் சொல்லணுமோ? கிழிச்சுப் போட்டாச்சு." நான் விளக்கினேன். என் விளக்கம் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் வரும். கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும், லோ என்று எழுதியிருந்தால் உன்னை அது எண்ணியிருக்காது, உன்னைக் கணக்கிலேயே சேர்க்காமல்தான் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று வந்திருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, குழாயடியில் வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபராணி ஈரக் கையோடு என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "தோண்டாதளா. ஒனக்கு அது வேரியன்ஸு. எனக்கு அது டீசி."

குழாயடியிலிருந்து நேராக இங்கே வந்தேன். டி வரிசையை மேலிருந்து கீழே பார்த்தேன், நேற்றும் பார்த்தேன், ஆனால் நேற்று நான் ஃபார்முலாவைத்தான் பார்த்தேன். எண்களெல்லாம் கட்டத்தின் வலது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுநடுவே ஐந்து கட்டங்களில் மட்டும் ஏதோ இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறது. லோ, லோ, லோ, லோ, லோ. எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டால் முப்பத்தாறு என்கிறது. நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்றோம், எனக்கு முன்னால் நின்றவள் ஊசியைப் பார்த்து ஏசுவே என்றாள், எனக்குப் பன்னிரண்டு புள்ளி நான்கு, அதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கீழே போட்டு வகுக்க வேண்டியது எண்ணிக்கையா, எண்ணிக்கையில் ஒன்று குறைவா என்று முக்கால் மணி நேரம் தொண்டை வரள வாதாடினவள், அந்த எண்ணிக்கை எத்தனை என்று ஒரு தடவை பார்க்கவில்லை. சாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாங்கள் சண்டை போட வேறு விஷயம் கிடைத்திருக்கும். டெஸ்ட் எடுத்த பாக்கியத்தாய் அக்காவின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன், அந்தப் பக்கம் குழந்தைகள் அழுகிற சத்தம், வேறு எங்கோ முகாம். "ஆமா தங்கச்சி, எட்டுக்குக் கீழ போச்சுன்னா நாங்க நம்பர் எழுத மாட்டோம், சிவப்புல லோன்னுதான் எழுதுவோம். கட்டுக் கட்டாத் தாளப் பொரட்டுத டாக்டருக்கு டக்குனு கண்ணுல படணும்லா." கம்ப்யூட்டருக்குச் சிவப்பு தெரியாது அக்கா என்றேன். "கம்ப்யூட்டர்கிட்ட யாரு காட்டச் சொன்னா?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் எழுதியது மனிதக் கண்ணுக்கு. ஆனால் தாள்களை ஹெல்த் சென்டர் ஆபீசில் யாரோ உட்கார்ந்து டைப் அடித்து எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள், சிவப்பு கறுப்பாகிவிட்டது, டாக்டர் தாளைப் பார்க்கப்போவதில்லை, நாங்கள் அனுப்பும் இரண்டு எண்களைத்தான் பார்ப்பார். நாற்பத்தொரு பேரில் அவள் யாருக்காக அதிகம் கவலைப்பட்டாளோ, பேனாவை மாற்றி எழுதினாளோ, அவர்கள்தான் காணாமல் போயிருக்கிறார்கள். நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். "நல்லாக் கேட்ட போ. இன்னிக்கு மட்டும் எத்தன விரலக் குத்திருக்கேன் தெரியுமா? எம் பேரே எனக்கு ஞாபகமில்ல. அந்தப் பிள்ளைங்க கையில சீட்டு குடுத்துருக்கேன், அதுல இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

இன்னொரு ஃபார்முலா இருக்கிறது, வார் ஏ. அது எழுத்தைத் தள்ளாது, எழுத்து இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். போட்டுப் பார்த்தேன். பதினாறு புள்ளி இரண்டு ஐந்து. ஐந்து பேருக்கும் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொண்டு விட்டது, செத்தவர்கள் வரிசையில் வந்து விரலை நீட்டியது மாதிரி. ஒரு ஃபார்முலா நீ வரவே இல்லை என்கிறது, இன்னொன்று நீ வந்தாய் ஆனால் உன்னிடம் ஒன்றுமில்லை என்கிறது. வந்தாள், இருக்கிறது, எவ்வளவு என்று தெரியவில்லை, இப்படிச் சொல்ல ஒரு ஃபார்முலாவும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். மூலையில் யுபிஎஸ் பீப் என்கிறது, கரண்ட் இருக்கும்போதே அது அப்படித்தான், அதற்குப் பழக்கம். சார் வாசலில் தலையை நீட்டினார். "அனுப்பியாச்சாம்மா?" "சார், அஞ்சு பேரு விட்டுப் போயிருக்கு." உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்ற வேண்டுமே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மிஸ்ஸிங் டேட்டா. எல்லா ஸ்டடிலயும் இருக்கும்." "மிஸ்ஸிங் இல்ல சார், வந்திருந்தாங்க, விரலக் குத்திருக்காங்க. குறைவா இருந்ததால நம்பர் எழுதல. குறைவா இருக்கிறவங்கள மட்டும் விட்டுட்டு மிச்சம் பேருக்கு வேரியன்ஸ் போட்டா அது குறையாம என்ன செய்யும்?" சார் கெட்டவர் இல்லை, அதுதான் என் கஷ்டம், கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம். "நீ சொல்றது சரிதான். நம்பர் இருக்கா?" "இல்ல." "நம்பர் இல்லாம நான் எதம்மா போடுறது? ஒரே ஒரு நம்பர் கொண்டா, எழுதி நானே கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி இருக்கிறத அனுப்பு, டாக்டர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார்." செருப்புச் சத்தம் வராந்தாவில் போய்விட்டது. டாக்டரின் விதி எளிமையானது: சராசரி பதினொன்றரைக்கு மேலே, வேரியன்ஸ் ஒன்றுக்குள்ளே என்றால் அந்த ஹாஸ்டலை மறுபடி பார்க்க வேண்டாம். ஒன்றைத் தாண்டினால் அவரே நேரில் வருவார், ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார், மருந்து, வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரி. பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று. இதை அனுப்பினால் எங்கள் ஹாஸ்டல் முடிந்தது. நன்றாக இருக்கிறோம்.

ஏழு என்று அடித்தேன். முதல் லோவை அழித்துவிட்டு அங்கே ஏழு. யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் ஒரு பெண் ஒரு எண்ணை அடிக்கிறாள், அவ்வளவுதான். எண் உடனே மாறியது, ஒன்று புள்ளி நான்கு நான்கு. சராசரி அசையாத மாதிரி பதினொன்று தொண்ணூறிலிருந்து பதினொன்று எழுபத்தேழுக்கு வந்து நின்றது, ஆனால் வேரியன்ஸ் ஒன்றைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஒருத்தி போதும். ஐந்து பேர் வேண்டாம், ஒரே ஒருத்தி போதும். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தபோது இதற்குப் பெயர் விலக்க வர்க்கச் சராசரி, கணக்கு டீச்சர் அதைச் சொல்லும்போது கூட்ஸ் வண்டி போகிற மாதிரி இருக்கும், அப்போது புரியவில்லை. விலகி நிற்கிறவளின் தூரத்தை அதனாலேயே பெருக்கு. பக்கத்தில் நிற்கிறவர்களின் தூரம் பெருக்கினால் இன்னும் சிறிதாகும், அரை கால் ஆகும். தள்ளி நிற்கிறவளின் தூரம் ஐந்து என்றால் இருபத்தைந்து ஆகிவிடும். சராசரி எல்லோரையும் சமாதானப்படுத்திவிட்டுப் போய்விடும், இது தள்ளி நிற்கிறவள் பக்கம் பேசும், அதனால்தான் எனக்கு இதைப் பிடிக்கும், சார் நினைப்பது மாதிரி வாதாடுவதற்காக இல்லை. ஆனால் இந்த ஏழு யாருடைய ஏழு? என்னுடையது. நான் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து அவள் உடம்பில் ஏழு என்று ரத்தம் ஊற்றியிருக்கிறேன். நல்ல காரணத்துக்குத்தான். எல்லாரும் ஒரே மாதிரி என்று சார் சொன்னதும் நல்ல காரணத்துக்குத்தான். இதே விரலால் நான் ஏழு அடிக்கலாமென்றால், ஹெல்த் சென்டர் ஆபீசில் இருப்பவர் நாளைக்குப் பதினொன்று அடிக்கலாம், அவரிடம் போய் நான் எந்த வாயை வைத்து வாதாடுவது? அழித்தேன். கண்ட்ரோல் இசட். லோ திரும்பி வந்து இடது பக்கம் ஒதுங்கி நின்றது.

எண்ணிக்கையில் ஏன் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று முதல் வருடம் சார் கேட்டார், வகுப்பில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, அவரே சொன்னார்: சராசரி இதுதான் என்று முதலிலேயே முடிவாகிவிட்டால், மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், கடைசி ஆளுக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் இல்லை, கணக்கு நேராக வருகிற மாதிரி அந்த ஆள் இருந்தே ஆக வேண்டும். எனக்கு அன்றைக்கும் கோபம் வந்தது, எண்கள் மேலேயே கோபம், ஏன் கடைசி ஆள், யார் அந்தக் கடைசி ஆள், எந்த வீட்டுப் பெண். ஜெபராணி வீட்டில் அவள் கடைசி. அவள் அக்கா எஸ்தர் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், வார்டில் நின்றபோது ஒருநாள் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள், அவ்வளவுதான், ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போன் போனது, அவள் அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு மாசம் வீட்ல இருந்து ஒடம்பத் தேத்திட்டுப் போட்டும் என்றாராம், அன்பாகத்தான் சொன்னாராம், ஆட்டுக்கால் சூப்பெல்லாம் வைத்துக் கொடுத்தார்களாம். மூன்றாம் மாசம் சர்ச்சில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தாயிற்று. எஸ்தருக்கு இப்போது ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை, இரண்டு பிள்ளைகள். எங்கள் வார்டன் மேடத்துக்கும் அதே பழக்கம், ஒருத்தி டாக்டரிடம் போனால் மாத்திரை வாங்குவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன், பொறுப்பை இறக்கி வைத்துவிட வேண்டும் அவருக்கு. ஆக ஜெபராணி சொன்னது சரி. ஒன்றைத் தாண்டினால் டாக்டர் வருவார், டாக்டர் வந்தால் வார்டன் போனை எடுப்பார், வார்டன் போனை எடுத்தால் நாசரேத்திலிருந்து கார் புறப்படும், கார் வந்தால் டீசி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தப்பு என்று காட்டு பார்க்கலாம் என்று என்னையே கேட்டால், காட்ட முடியவில்லை. அதுக்காக ரத்தமில்லாம இருப்பியா என்று காலையில் கேட்டேன். "இருந்து பரீட்ச எழுதிருவேன். ஏப்ரல் வரைக்கும் தள்ளிட்டா போதும்." தள்ளிட்டா போதும் என்று அவள் சொன்ன விதம், ரிப்பேரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்கிறவர்கள் சொல்வது மாதிரி இருந்தது.

பல்பம் தின்கிறாள். நான் அதை வைத்து எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். ஹாஸ்டல் எதிரே இருக்கிற கடைக்காரர், "என்ன பாப்பா, எம்.ஏ.லயும் சிலேட்டுலதான் எழுதுறீங்களா" என்று கேட்டுக்கொண்டே டப்பாவை எடுப்பார், இவள் வெட்கமில்லாமல் வாங்கி வந்து புத்தகத்தைப் பார்த்தபடி கடிப்பாள், கரக், கரக், எனக்குப் பல் கூசும். "ஏட்டி, ஒன்ன அறுத்துப் பாத்தா உள்ள சுண்ணாம்புச் சுவருதான் இருக்கும்." சிரிப்பாள். பல்பம் தீர்ந்தால் மெஸ்ஸிலிருந்து பச்சரிசி. உடம்பு ஒன்றைக் கேட்கிறது, என்னவென்று அதற்கே சொல்லத் தெரியாமல் சுண்ணாம்பைக் கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி அதைக் கேலி செய்கிறாள், அவள் புள்ளியியல் படிக்கிறாள், விலகல் என்றால் என்ன என்று கேட்டால் போர்டு நிறைய எழுதுவாள். நகத்தைப் பார்த்திருக்கிறேன், வெள்ளை. கீழ் இமையை அவளே ஒருநாள் கண்ணாடியில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் உள்ளே போனதும் கண்ணில் தூசி என்றாள், நானும் ஊதிவிட்டேன். எட்டுக்குக் கீழே என்றால் எவ்வளவு கீழே? ஏழரை என்றால் மாத்திரை தின்று ஏற்றிவிடலாம். ஆறு என்றால்? ஐந்து என்றால்? ஐந்தில் பெண்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, நிஜமா, தேடிப் பார்க்கலாம், தேட விரல் போகவில்லை. ஏப்ரல் வரை எத்தனை மாதம். எத்தனை காலையில் நான் எழுந்து பக்கத்துக் கட்டிலில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறதை அனுப்பினால் ஒரு தப்பும் என் மேல் இல்லை, சாரே சொல்லிவிட்டார், மிஸ்ஸிங் டேட்டா. ஐந்து பேர் சேர்க்கப்படவில்லை என்று கீழே ஒரு வரி சின்ன எழுத்தில் போடலாம், போடவும் போடுவேன், அந்த வரியை டாக்டர் படிப்பார் என்று நானே நம்ப மாட்டேன். ஃபோனை எடுத்து ஜெபராணிக்கு மெசேஜ் அடித்தேன். நம்பர் மட்டும் சொல்லு, பேர் எங்கயும் வராது. அழித்தேன், அது பொய், பேர் எங்கும் வராவிட்டாலும் டாக்டர் ஹாஸ்டலுக்கு வருவார். நீ செத்துப் போனா நான் என்னட்டி செய்வேன். அழித்தேன், அது வாதம் இல்லை, மிரட்டல். ஒரு எண் போதுமாம், ஒன்னோடது ஒண்ணு போதும், வேண்டாம்னு சொன்னாலும் சரி, லேப்ல இருக்கேன், சாப்பாட்டுக்கு முன்னாடி அனுப்பணும். அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அவள் பதில் எழுதுகிறாள் என்று மேலே வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது.

மெஸ் மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும், கீழே தட்டுகளை அடுக்குகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. மெயிலைத் திறந்து டாக்டர் முகவரியைப் போட்டேன், சராசரியை எழுதினேன், வேரியன்ஸ் என்று எழுதி அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் கர்சரை மின்ன விட்டேன். அப்போது வெளியே செருப்பு உதறுகிற சத்தம் கேட்டது. ஒரு செருப்பு, பிறகு ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. ஜெபராணி வாசலில் நின்றாள். இந்த லேப் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும். வாயைத் திறந்தாள், சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது, முதல் வார்த்தை உதட்டில் உருவாகிவிட்டது, ஆனால் அதைத் தள்ளக் காற்று இல்லை. நிலையில் சாய்ந்து, ஒரு கையை இரு என்பது மாதிரி என் பக்கம் நீட்டியபடி மூச்சு வாங்கினாள். எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. இதோ பார், இதுதான் நான் சொன்னது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், இப்படி ஒரு வாய்ப்பை நான் என் வாழ்க்கையில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சொல்லவில்லை. எழுந்து என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன், அதற்கு ஒரு சக்கரம் கிடையாது, சாய்ந்து சாய்ந்து போனது. உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள், குரல் முழுதாக வரவில்லை. எனக்குத் தெரியாது, இந்த அஞ்சுல ஒண்ணு என்றேன். டெஸ்ட் வரிசையில் கொடுத்த டோக்கன் எண்ணைச் சொன்னாள், நான் கீழே இறங்கி அந்தக் கட்டத்தில் நிறுத்தினேன். லோ. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "காலையில நான் சொன்னத நீ எங்க கேட்ட, மேல ஏறி வந்து ஒன்ன நாலு கேள்வி கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள். "கேளு." "ஏற முடியலளா." அதை ஒரு செய்தி மாதிரித்தான் சொன்னாள், அழவில்லை. பிறகு, "ஆறு புள்ளி ரெண்டு" என்றாள்.

அடித்தேன். எண்டர் தட்டுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தேன், தட்டு என்று தலையை அசைத்தாள். ஒன்று புள்ளி ஆறு ஏழு. நான் கற்பனையில் ஊற்றிய ஏழு அவளுக்குத் தயவு காட்டியிருக்கிறது. "கூடிருச்சா?" "கூடிருச்சு." "எல்லாரும் சேந்தா?" "இல்ல. நீ ஒருத்தியால." "ஒருத்தியாலயா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்புக்கும் மூச்சு பாதியில் தீர்ந்தது. "இந்தா பாரு, எங்க வீட்டுக்கு நாந்தான் போன் பண்ணுவேன். அம்மாகிட்ட, அப்பாகிட்ட இல்ல. மருந்து தாராங்க, இங்கயே இருந்து சாப்பிடுதேன்னு நான் சொல்லுவேன். வார்டன் பண்ணக் கூடாது. யாரு வீட்டுக்கும் பண்ணக் கூடாது, அவங்கவங்க சொல்லாம. அத டாக்டர் எழுதிக் குடுக்கணும், ஒங்க சாரு கேட்டு வாங்கணும். எல்லாத்துக்கும் வாதாடுவல்லா, போ, போயி அதுக்கு வாதாடு." எனக்கு உடனே நான்கு வாதங்கள் தோன்றின, நாலும் நல்ல வாதங்கள், சாரால் தாண்ட முடியாது, டாக்டரால் முடியுமா என்று தெரியாது, வார்டன் மேடம் எந்த வாதத்துக்கும் மசிகிற ஆள் இல்லை, ஆனால் எழுதின தாளுக்குப் பயப்படுவார். மெயிலை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். "இன்னும் நாலு பேரு இருக்காங்கல்லா இதுல" என்றாள் பின்னாலிருந்து, ஸ்க்ரீனைப் பார்த்தபடி. "யாரு யாருன்னு எப்படித் தெரியும், பேரு இல்லயே" என்றேன். "எனக்குத் தெரியும். ஹாஸ்டல் படிக்கட்டுத் திருப்பத்துல அஞ்சு பேருதான் நின்னு நின்னு ஏறுவோம். போன் பாக்குற மாதிரி நிப்போம்." நான் ஒரு செருப்பை மாட்டி இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் அந்த நாலு பேரில் யாரையோ போனில் கூப்பிட்டு, அந்தப் பக்கம் எடுக்கும்வரை மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பது கேட்டது. "அக்கா, ஜெபராணி பேசுதேன். எனக்கு ஆறு புள்ளி ரெண்டு. ஒங்களுக்கு எவ்வளவு?"